வில்லன் இல்லாத கேம்

"உந்தப் பழசுக்குள்ள என்னதான் கிடக்குது?"

போன ஸ்ரடி லீவில் கரம்பொனில் ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் நாலு பேர் ஒரு பழைய லப்ரொப்பைச் சுற்றிக் குந்தியிருந்தோம். கேள்வி கேட்டது பக்கத்து வீட்டு அண்ணை. திரையில் பச்சையும் நீலமுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். நடுவில் குச்சி மாதிரி ஒரு மனிதன். பத்துப் பதினைந்து நிமிசமாக நாங்கள் அந்தக் குச்சி மனிதனை ஒரு மூலிகைக் கடைக்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். கடைக்காரி கண் தெரியாதவள். காசு எவ்வளவு வைக்கிறோம் என்று அவளால் பார்க்க முடியாது. குறைத்து வைப்பதா, சரியாக வைப்பதா?

அண்ணை சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவருடைய கேள்வி போகவில்லை. நாற்பது வருசம் பழசான, சத்தமும் அழகும் இல்லாத ஒரு கேமை ஏன் இன்னும் விளையாட வேண்டும்? கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவர்கள் என்ற வகையில் இந்தக் கேள்விக்கு வரலாற்றுக்குள்ளால் பதில் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தோம். அதுதான் இந்தக் கட்டுரை.

அந்தக் கேமின் பெயர் அல்டிமா 4. முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் 'அவதாரத்தைத் தேடி' என்று வரும். வெளிவந்தது 1985 செப்டெம்பரில்.

வேடம் கட்டுதல்

பாத்திரமேற்று விளையாடும் கேம்கள் கொம்பியூட்டரில் பிறந்தவை அல்ல. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குத் தாள், பென்சில், தாயக்கட்டை மாதிரிச் சில உருட்டுக்கட்டைகள், நாலைந்து நண்பர்கள் இருந்தால் போதும். ஒவ்வொருவரும் ஒரு வேடத்தை எடுத்துக்கொண்டு, அந்த வேடத்துக்காரர் என்ன செய்வார் என்று வாயால் சொல்லி விளையாடுவது. எங்கட கரையோர ஊர்களில் நாட்டுக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்காத விசயமில்லை. வேடம் கட்டினால் அந்த இரவு முழுக்க நீ ராசாதான்.

ரெக்சாஸில் பள்ளிக்கூடத்துப் பொடியனாக இருந்த ரிச்சர்ட் கேரியட் இந்த விளையாட்டில் விழுந்தவர்களில் ஒருவர். அவருடைய தகப்பன் ஓவன் கேரியட் நாசாவின் விண்வெளி வீரர். மகன் 1979இல் அப்பிள் கொம்பியூட்டரில் 'அக்கலபெத்' என்ற கேமை எழுதினார். பிறகு 1981இல் அல்டிமா, 1982இல் இரண்டாவது, 1983இல் மூன்றாவது. மூன்றுமே அந்தக் காலத்துக் கேம்களின் அச்சில் வார்த்தவை. கெட்டவன் ஒருவன் இருக்கிறான். நீங்கள் பலம் சேர்த்துக்கொண்டு போய் அவனை முடிக்கவேண்டும். பலம் சேர்க்கிற வழி உங்கட விருப்பம். கடையில் களவெடுக்கலாம், ஊர்க் காவலரைக் கொல்லலாம், அப்பாவிகளை அடிக்கலாம். கடைசியில் கெட்டவன் செத்தால் நீங்கள் வீரன்.

மூன்றாவது கேமை விற்ற காலத்தில் கேரியட் தன்னுடைய சொந்தக் கொம்பனியைத் தொடங்கியிருந்தார். அதனால் விளையாடினவர்களின் கடிதங்கள் நேராக அவர் கைக்கு வரத் தொடங்கின. தன்னுடைய உலகத்துக்குள் போய் ஆட்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கண்ணில் பட்ட எல்லாரையும் கொன்று, எல்லாப் பெட்டிகளையும் உடைத்து, பிறகு 'உலகத்தைக் காப்பாற்றி' இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், இந்த மாதிரி விளையாட்டுகள் பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகின்றன என்று அமெரிக்காவில் ஒரு பெரிய பீதி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அப்படிக் கோபக் கடிதங்கள் வந்தன.

அவர் அந்தக் கோபத்துக்குப் பணிந்து பேய்களை எடுத்துவிட்டுப் பூக்களை வைக்கவில்லை. கடைசி வில்லனையே எடுத்துவிட்டார். அல்டிமா 4இல் கொல்வதற்கு ஒரு இருட்டு ராசா இல்லை. நாடு அமைதியாக இருக்கிறது. உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: நல்ல மனிதராக வாழ்ந்து காட்டுங்கள்.

எட்டுப் பண்புகள், ஒரு இரகசியக் கணக்கு

கேம் தொடங்கும்போது ஒரு குறிசொல்லும் பெண்ணின் வண்டிலுக்குள் போகிறீர்கள். அவள் சீட்டுகளை விரித்து ஏழு கேள்விகள் கேட்கிறாள். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு நல்ல பண்புகள் மோதும். எண்ணாமல் உங்களை நம்பித் தந்த பணப்பை ஒன்றைக் கொண்டு போகிறீர்கள், வழியில் ஒரு பிச்சைக்காரர், ஒரு காசு எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. நம்பிக்கையா, இரக்கமா?

இந்தக் கேள்வியிலேயே நாங்கள் அரை மணித்தியாலம் நின்றோம். தீவில் வளர்ந்த எவருக்கும் இது கற்பனைக் கேள்வி இல்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் ஊரில் ஒருவரை நம்பிக் காசு அனுப்புவார்கள்: வளவு துப்புரவாக்க, கிணறு இறைக்க, கோயில் திருவிழாவுக்கு. அந்தக் காசு கையில் இருக்கும்போது பக்கத்து வீட்டில் ஒருவருக்கு அவசரமாக ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்? எங்களில் ஒருத்தி "குடுக்கத்தான் வேணும்" என்றாள். மற்றவன் "அது உன்ர காசு இல்லை" என்றான். இரண்டும் சரி. அதுதான் கேள்வியின் பலம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் தெரிவு செய்வது சுலபம். நல்லதுக்கும் நல்லதுக்கும் நடுவில்தான் நீங்கள் யார் என்று தெரியவரும்.

ஏழு கேள்விக்கும் நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் உங்கட வேடம் தீர்மானமாகும். வீரத்தை எடுத்தால் போர்வீரன், நேர்மையை எடுத்தால் மந்திரவாதி. எங்கட கூட்டத்தில் ஒருவனுக்குக் கிடைத்தது மேய்ப்பன். கேமிலேயே பலம் குறைந்த வேடம். "வீட்டிலயும் ஆடு, இதுக்குள்ளயும் ஆடோ?" என்று அவன் பட்ட கோபத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் மேய்ப்பனுக்குரிய பண்பு பணிவு.

எட்டுப் பண்புகள் இவை: நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், கண்ணியம், ஆன்மிகம், பணிவு. இவை சும்மா அடுக்கிய பட்டியல் இல்லை. உண்மை, அன்பு, துணிவு என்ற மூன்று மூலங்களிலிருந்து கணக்காகப் பிறந்தவை. உண்மை மட்டும் என்றால் நேர்மை. அன்பு மட்டும் என்றால் இரக்கம். துணிவு மட்டும் என்றால் வீரம். உண்மையும் அன்பும் சேர்ந்தால் நீதி. அன்பும் துணிவும் சேர்ந்தால் தியாகம். உண்மையும் துணிவும் சேர்ந்தால் கண்ணியம். மூன்றும் சேர்ந்தால் ஆன்மிகம். மூன்றில் ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் நிற்பது பணிவு. 'என்னிடம் உண்மை இருக்கு, என்னிடம் துணிவு இருக்கு' என்ற எண்ணத்தையே கீழே வைக்கிற இடம் அது என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

இனி அந்த மூலிகைக் கடைக்கு வருவோம். மந்திரம் செய்ய மூலிகைகள் வேண்டும். கண் தெரியாத கடைக்காரி விலையைச் சொல்லுவாள், நீங்கள் விரும்பின தொகையைத் தட்டலாம். நாங்கள் ஒரு காசு வைத்தோம். அவள் நன்றி சொல்லிச் சாமானைத் தந்தாள். மணி அடிக்கவில்லை, காவலர் வரவில்லை. "பாத்தியா, ஒண்டும் நடக்கேல்லை" என்று கையடித்துச் சிரித்தோம்.

கன நாள் கழித்து ஒரு கோயிலில் தியானம் செய்ய இருந்தபோது கதவு திறக்கவில்லை. கோட்டையில் இருக்கிற ஞானியிடம் போய்க் கேட்டோம். அவர் சொன்னதிலிருந்து விளங்கிவிட்டது: நேர்மை போய்விட்டது, நீதியும் கண்ணியமும் கூடவே போய்விட்டன. கேம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறது.

1985இல் இது புதுமை. அதுவரை கேம்கள் உங்கட பலத்தையும் பொன்னையும் எண்ணித் திரையில் காட்டின. இது உங்கட நடத்தையை எண்ணியது, ஆனால் காட்டவில்லை. தீய உயிரல்லாத ஒரு மிருகம் பயந்து ஓடினால் ஓட விடுகிறீர்களா, சுகப்படுத்தும் இடத்தில் இரத்தம் கேட்டால் கொடுக்கிறீர்களா, ஊரில் ஒருவர் 'நீதான் இங்கே பெரிய வீரனோ?' என்று கேட்டால் ஓம் என்று பெருமையடிக்கிறீர்களா? எல்லாம் கணக்கில் விழும். இவ்வளவும் 64 கிலோபைட் நினைவகத்துக்குள். இண்டைக்கு நாங்கள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு படம் அதைவிடப் பெரிசு.

அவதாரம் என்ற சொல்

இந்த எட்டுப் பண்புகளிலும் முழுமை அடைந்தவரைக் கேம் 'அவதார்' என்று அழைக்கிறது. இந்து சமய எண்ணங்களைப் பற்றி அறிந்தபோது எடுத்துக்கொண்ட சொல் என்று கேரியட் பிறகு சொல்லியிருக்கிறார். இண்டைக்கு இணையத்தில் எங்கட படத்துக்குப் பதிலாக வைக்கிற சின்ன உருவத்துக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயர் கொம்பியூட்டர் உலகத்துக்குள் வந்த முதல் வாசல்களில் இந்தக் கேமும் ஒன்று.

இதைப் பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு தலைகீழ் மாற்றம் தெரியும். அவதாரம் என்றால் இறங்கி வருதல். கடவுள் மேலே இருந்து மனிதராக இறங்குவது. கேமில் அது ஏறிப் போதல். சாதாரண மனிதர் ஒருவர் பழக்கத்தால், முயற்சியால் மேலே போவது. யாழ்ப்பாணத்துச் சைவத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிவன் கருவில் பிறந்து அவதாரம் எடுப்பவர் அல்லர் என்பது சைவ சித்தாந்தத்தின் நிலைப்பாடு. எங்கட அம்மம்மாவிடம் இந்தக் கேமை விளக்கியபோது, "அது பெருமாள் கோயில் கதையெல்லோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆக, கேரியட் எங்கட சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவர் தேடினது எங்களுக்குப் புதிதா என்று கேட்டால், அதுவும் இல்லை. பரமபதப் படத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருந்து விளையாடுகிற அந்தப் படத்தில் ஏணிகள் நல்ல குணங்கள், பாம்புகள் தீய குணங்கள். அதுவும் வில்லன் இல்லாத விளையாட்டுத்தான். அது 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே குணங்களின் பெயர்கள் மெல்ல மெல்ல உதிர்ந்து, வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி எங்கட கடைகளுக்கு வந்தது. அல்டிமா 4 எதிர்த் திசையில் நடந்தது. வெறும் வெற்றி தோல்வியாக இருந்த ஒரு விளையாட்டுக்குள் குணங்களைத் திரும்பக் கொண்டுவந்தது.

ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. பரமபதத்தில் பாம்பு கடிப்பது தாயம் விழுந்தபடி. அது விதி. கேமில் அந்த ஒரு காசை வைத்தது எங்கட விரல். சாட்டுச் சொல்ல ஆளில்லை.

மஜின்சியாவும் கரம்பொனும்

எட்டுப் பண்புக்கும் எட்டு ஊர்கள் உண்டு. ஏழு ஊர்களில் கடையும் சனமும் இருக்கும். பணிவுக்குரிய மஜின்சியா மட்டும் பாழ். ஒரு காலத்தில் செழித்த நகரம், தன் செருக்கால் அழிந்தது என்பது கதை. உள்ளே போனால் இடிந்த சுவர்கள், பேய்கள், பாம்பு. எங்கட மேய்ப்பன் தொடங்கினதே அந்தத் தீவில்தான்.

அந்தத் திரையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை. விறாந்தையில் இருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற ஒழுங்கையில் பூட்டின படலைகள், கூரை விழுந்த வீடுகள், சுவருக்குள் வேர் விட்ட ஆலமரங்கள். 1990க்கும் 1991க்கும் இடையில் போர் தீவுப்பகுதிக்குள் வந்தபோது ஊர்காவற்றுறை, கரம்பொன், வேலணை என்று ஊர் ஊராகச் சனம் வெளிக்கிட்டது. கனபேர் திரும்பி வரவேயில்லை. எங்களுக்கு அந்தக் காலம் நேரடியாகத் தெரியாது. ஆனால் அதன் மிச்சத்துக்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போனோம்.

மஜின்சியாவைப் பார்த்து எங்களுக்குக் கோபம் வந்தது. அழிந்த ஊர் தன் குற்றத்தால் அழிந்தது என்று கேம் சொல்கிறது. கேம் வெளிவந்த அதே 1985இல், அதற்கு நாலு மாதத்துக்கு முன், மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினார்கள். அந்தப் படகில் இருந்தவர்கள் என்ன செருக்குப் பட்டார்கள்? கரம்பொனின் பூட்டிய வீடுகள் எந்தப் பண்பில் தவறின?

அமைதியான ஒரு நாட்டில், வசதியான ஒரு வீட்டில் வளர்ந்த இளைஞன் எழுதிய அறம் இது. தனிமனிதன் நல்லவனாக இருந்தால் உலகம் நல்லாயிருக்கும் என்று அது நம்புகிறது. நல்லவர்களாகவே இருந்தும் ஊரை விட்டு ஓடவேண்டி வந்தவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தக் குறையைச் சொல்லாமல் கேமைப் புகழ்ந்தால் அது பொய்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கட்டுரையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேமை எழுதினவரே அந்த இடத்தில் நிற்கவில்லை.

நல்லது சட்டமாகும்போது, வெற்றி களவாகும்போது

1988இல் அல்டிமா 5 வந்தது. ராசா பாதாளத்தில் தொலைந்துபோக, பிளாக்தோர்ன் என்ற பிரபு ஆட்சியைப் பிடித்திருக்கிறார். அவர் அந்த எட்டுப் பண்புகளை ஒழிக்கவில்லை. அவற்றைச் சட்டமாக்கிவிட்டார். பொய் சொன்னால் நாக்குப் போகும் என்பது அவருடைய 'நேர்மை'. முந்திய கேமில் நாங்கள் விரும்பித் தேடின அதே பண்புகள் இப்போது பயமுறுத்துகிற பலகைகளாக ஊரில் நிற்கின்றன. நல்ல கொள்கை ஒன்று துவக்கைப் பிடித்தால் என்னவாகும் என்று எங்கட மண்ணில் யாருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

1990இல் அல்டிமா 6. தொடக்கத்தில் சிவந்த தோலும் கொம்பும் சிறகும் உள்ள கார்கோயில்கள் நாட்டுக்குள் படையெடுத்திருக்கின்றன. கோயில்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. பார்த்தால் அசல் பிசாசுகள். பழைய பழக்கத்தில் வெட்டத் தொடங்குவீர்கள், நாங்களும் வெட்டினோம். பாதிக் கேமுக்கு மேல் போன பிறகுதான் உண்மை மெல்ல மெல்ல வெளிவரும். நாலாவது கேமில் நாங்கள் அவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த ஞான நூல் கார்கோயில்களின் புனித நூல். அது பறிபோன பிறகு அவர்களின் உலகம் இடிந்துகொண்டிருக்கிறது. அவர்களிடம் ஒரு பழைய தீர்க்கதரிசனம் இருக்கிறது: ஒரு பொய்த் தீர்க்கதரிசி வந்து தங்கள் இனத்தின் அழிவுக்குக் காரணமாவான். அந்தப் பொய்த் தீர்க்கதரிசி வேறு யாருமில்லை. எட்டுப் பண்பிலும் தேறின, எங்கட அதே அவதார்.

ஆக, நாலாவது கேமில் வில்லன் இல்லை என்று நினைத்தது பிழை. வேறொருவரின் கதையில் வில்லன் இருந்திருக்கிறான். அது நாங்கள்.

இதற்குத் தீர்வு சண்டை இல்லை. கார்கோயில்களின் மொழியைப் படிக்கவேண்டும். அவர்களுக்கும் மூன்று மூலங்கள், எட்டுப் பண்புகள் இருப்பதைக் கேட்டறியவேண்டும். அவர்களின் அரசருக்கு முன்னால் பணிந்து நிற்கவேண்டும். கடைசியில் அந்த நூலை இரண்டு பக்கத்தில் ஒருவருக்கும் சொந்தமில்லாத இடத்துக்கு அனுப்பி, ஆளுக்கொரு கண்ணாடி வில்லையால் இரண்டு இனமும் பார்க்கும்படி செய்யவேண்டும்.

1990 என்ற ஆண்டை நாங்கள் எப்போதும் எங்கட இழப்பின் ஆண்டாகத்தான் கேட்டு வளர்ந்தோம். அது உண்மைதான். அதே 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சில மணித்தியால அவகாசம். வீடு, கடை, நகை, எல்லாம் விட்டுப்போகவேண்டும் என்ற கட்டளை. அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து பல்லாயிரக்கணக்கானோர் இப்படி விரட்டப்பட்டார்கள். எங்கட பூட்டின படலைகளுக்காக அழுகிற நாங்கள், அவர்களுடைய பூட்டின படலைகளை எத்தனை தரம் நினைத்திருக்கிறோம்? பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒரு கேம்தான் இதைக் கேட்க வைத்தது என்று சொன்னால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். புத்தகம் ஒன்றில் 'மற்றவர் பக்கமும் பார்க்க வேண்டும்' என்று வாசித்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். இங்கே நாற்பது மணித்தியாலம் செலவழித்து, கொப்பி நிறையக் குறிப்பெழுதி, இரத்தம் கொடுத்து, பிச்சை போட்டு, நல்லவர்களாகத் தேறினது நாங்களே. பிறகு அந்தத் தேர்ச்சிக்கு விலை கொடுத்தது வேறொரு இனம் என்று தெரியவரும்போது, அந்தக் குற்றம் வாசித்த குற்றமாக இருக்காது. செய்த குற்றமாக இருக்கும். எந்தக் கலைக்கும் சுலபமாகக் கிடைக்காத பலம் அது.

குறைகளும் ஒரு கொப்பியும்

நீங்களும் தொடங்கப்போகிறீர்கள் என்றால் சில விசயங்களை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

முதலாவது, இது கஷ்டமான கேம். எங்கே போகவேண்டும் என்று அம்புக்குறி காட்டாது. ஊர்ச் சனத்தோடு கதைக்கச் சொற்களை நீங்களே தட்டவேண்டும். பெயர், தொழில், சுகம் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலில் இருந்து அடுத்த சொல்லைப் பிடிக்கவேண்டும். ஆங்கிலமும் பழைய பாணி. ஆனால் சுருக்கமான வசனங்கள். ஏ.எல். வரைக்கும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டின எங்களாலேயே முடிந்தது.

இரண்டாவது, அறத்தை எண்ணினால் எண்ணிக்கையை ஏமாற்றவும் முடியும். பிச்சைக்காரருக்குத் திரும்பத் திரும்பச் சில்லறை போட்டு இரக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நாங்களும் செய்தோம். அப்படிச் செய்துகொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தி, "இது அன்னதானத்துக்கு முன்னால நிண்டு செல்பி எடுக்கிற மாதிரி எல்லோ" என்றாள். எல்லாருக்கும் விளங்கியது. ஏமாற்ற வழி விட்டு வைத்திருப்பதும் ஒரு பாடம்தான் போல.

மூன்றாவது, சண்டைகள் அலுப்பு. கடைசிப் பாதாளம் சரியான நீளம். அதை நாங்கள் மூன்று இரவாகப் பிரித்துக்கொண்டோம்.

இனி நல்ல செய்தி. அல்டிமா 4 ஜிஓஜி என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எவ்வளவு பழைய லப்ரொப் என்றாலும் ஓடும், கரண்ட் போனாலும் பற்றரி கனநேரம் தாங்கும். அந்தக் காலத்தில் பெட்டிக்குள் துணியில் அச்சிட்ட வரைபடம், ஒரு சின்ன உலோகச் சின்னம், நாட்டின் வரலாறு சொல்லும் புத்தகம், மந்திரப் புத்தகம் எல்லாம் இருந்தன. இப்போது புத்தகங்களும் வரைபடமும் கோப்பாகக் கூடவே வரும், முதலில் அவற்றைப் படியுங்கள். ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். யார் எந்த ஊரில் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். தனிய விளையாடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து "ஏன் அப்பிடிச் செய்தனி?" என்று கேட்கவேண்டும். கேமின் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது.

கரம்பொன்காரர் ஒருவர்

பழைய சாமான்களைத் தேடிப் போவது எங்கட ஊருக்குப் புதிதில்லை. 1913இல் பிறந்த, கரம்பொனைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களுக்குள் புகுந்து பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடினவர். 1679இல் அச்சான புறோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதை 1966இல் மறுபதிப்பாக வெளிக்கொண்டு வந்தவர் அவர். அந்த அகராதியை எழுதினவர் தமிழர் இல்லை. அதில் பிழைகள் இருக்கலாம். ஆனால் வேறொரு கரையில் இருந்து வந்த ஒருவர் எங்கட சொல்லைக் கையில் எடுத்துப் பார்த்த தடயம் அது. அந்தத் தடயத்துக்கு மதிப்புக் கொடுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கட சொல் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்ட ஒரு அமெரிக்கக் கேமை நாங்கள் திறந்து பார்ப்பதும் அந்த வழக்கத்தில் வந்ததுதான் என்று கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

கேமின் கடைசியை ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டோம், மிச்சத்தையும் சொல்லுகிறோம். அல்டிமா 4இன் முடிவில் உங்களுக்குப் பொன்னும் இல்லை, பட்டமளிப்பும் இல்லை, கலியாணமும் இல்லை. இந்தத் தேடல் ஒரு ஆயுள் முழுக்க முடியாதது என்று சொல்லி, உன் சொந்த உலகத்துக்குத் திரும்பிப் போய் அங்கே உன் சனத்துக்கு நடுவில் அப்படி வாழ்ந்து காட்டு என்று அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான். திரை நின்றுவிடும்.

அண்டைக்கு லப்ரொப்பை மூடியபோது விடிந்துகொண்டிருந்தது. கோயில் மணி கேட்டது. ஒழுங்கையில் அந்த அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, கேம் முடிஞ்சுது" என்றோம்.

பிறகு அவரிடம், 1990க்கு முந்தித் தீவில் சாமான் விற்க வந்து போன முஸ்லிம் வியாபாரிகளைத் தெரியுமா என்று கேட்டோம். அவர் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு வந்து இருந்தார். அவர் சொன்னதை எழுதிக்கொள்ள, அதே கொப்பியில் இன்னும் பக்கங்கள் மிச்சம் இருந்தன.